லூர் மேல் எபாக்ஸி: எந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது

லூர் என்னும் செயற்கை இரைமீன் மேல் போடும் எபாக்ஸிப் பூச்சில் (ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் பூச்சு) குறை தெரிந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எப்போது தெரிந்தது என்பதுதான். பூசிய பத்து நிமிடத்தில் தெரிவது பரப்பின் அழுக்கு, அல்லது மரத்துக்குள் இருக்கும் காற்று. மறுநாள் காலையில் தெரிவது கலவையின் தவறு, அல்லது அறையின் ஈரம். தண்ணீரில் இரண்டு மூன்று முறை போட்ட பிறகு தெரிவது, பெயிண்டுக்கும் முன்னால் மரவேலையில் விட்ட ஓட்டை. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டு ரெசின் பிராண்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. பிராண்டு மாறும், கோளாறு மாறாது.

இங்கே பேசுவது கொடுவா, சீலா, விரால் போன்ற மீன்களுக்காக மரத்தில் செதுக்கி, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட் அடித்து, மேலே தெளிவான எபாக்ஸி பூசும் 7 முதல் 12 செ.மீ. வரையுள்ள லூர்களைப் பற்றி. நம் கடலோர ஊர்களின் வெப்பமும் ஈரமும் கணக்கில் இருக்கின்றன. வெளிநாட்டு வீடியோவில் சொல்லும் நேரக்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். லேபிளில் "30 நிமிடம்" என்று இருந்தால் அது சுமார் 25 டிகிரிக்குச் சொன்னது. வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினை ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகும். மே மாத மதியத்தில் அந்த 30 நிமிடம் 15 ஆகிவிடும்.

பூசிய உடனே: பூச்சு விலகி வட்டக் குழி விழுகிறது

மீன் கண் மாதிரி வட்டமாக ரெசின் ஒதுங்கி, நடுவில் பெயிண்ட் தெரியும். அந்த இடத்தில் எண்ணெய்ப் பசை இருக்கிறது, ரெசினால் அங்கே படர முடியவில்லை. தலையில் தேங்காயெண்ணெய் தடவிய கையோடு லூரைத் தொட்டது, கம்ப்ரஸரிலிருந்து ஏர்பிரஷ் வழியாக வந்த எண்ணெய்த் துளி, அதே மேசையில் அடித்த சிலிக்கான் ஸ்பிரே அல்லது கார் பாலிஷ் என்று காரணம் ஏதாவது ஒன்றாக இருக்கும். இதில் சிலிக்கான்தான் மோசம். ஒருமுறை மேசையில் படிந்தால் அடுத்தடுத்த லூர்களுக்கும் தொற்றும்.

ரெசின் ஈரமாக இருக்கும்போது குழியை பிரஷால் திரும்பத் திரும்பத் தேய்த்துப் பயனில்லை. 10, 15 நிமிடம் பொறுத்து, ரெசின் தேன் பதத்துக்கு வந்தபின் பக்கத்திலிருந்து இழுத்து மூடிப் பாருங்கள். கெட்டியான ரெசின் அவ்வளவு சுலபமாக விலகாது. அப்படியும் குழி நின்றால் விட்டுவிடுங்கள். முழுக்க இறுகியபின் 400 எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பாத்திர சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து, இரண்டாம் கை பூசினால் போதும்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்கச் சொல்வார்கள். மூடாத அக்ரிலிக் பெயிண்ட் மேல் அதைத் தேய்த்தால் நிறம் துணியோடு வந்துவிடும். துடைப்பதாக இருந்தால் பெயிண்டுக்கு முன்பே, பிரைமர் என்ற அடிப்பூச்சின் மேல் துடையுங்கள். பெயிண்ட் தொடங்கியபின் நைட்ரைல் கையுறை, அல்லது லூரைக் கொக்கி வளையத்தில் மட்டும் பிடிக்கும் வழக்கம். இரண்டில் ஒன்று கட்டாயம்.

குமிழிகள்

குமிழி எல்லாம் ஒரே ஜாதி இல்லை. எங்கும் பொடிப்பொடியாகப் பரவியிருந்தால் அது கலக்கும்போது அடித்துக் கலக்கியதால் வந்தது. ஒரே இடத்திலிருந்து உடைத்த பிறகும் மறுபடி மறுபடி கிளம்பினால் மரம் மூச்சுவிடுகிறது. கண்ணைச் சுற்றி மட்டும் வளையமாக வந்தால், ஒட்டிய 3டி கண்ணின் விளிம்புக்குக் கீழே இடைவெளி இருக்கிறது.

முதல் வகைக்கு: ரெசின், ஹார்டனர் புட்டிகளை 40 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் வைத்தால் இளகும், குமிழி தானே மேலே வந்து உடையும். ஆனால் பூசக் கிடைக்கும் நேரமும் குறையும். கலந்ததைக் கிண்ணத்திலேயே வைத்திருக்காமல் ஒரு அலுமினியத் தாளில் பரப்பிவிடுங்கள். குமிழிக்கு வெளியேற வழி கிடைக்கும். மொத்தமாகக் குவிந்திருந்தால் ரெசின் தன் சூட்டிலேயே வேகும், பரப்பினால் அந்தச் சூடு போய்விடும். ஒரே வேலையில் இரண்டு லாபம்.

இளகுவதற்காகத் தின்னர் ஊற்றும் பழக்கம் வேண்டாம். அது உள்ளே சிக்கிப் பூச்சை மென்மையாக்கும், அடியிலுள்ள பெயிண்டையும் கரைக்கும். லிப் தகடு (லூரின் வாயடியில் செருகும் தகடு) பாலிகார்பனேட் பிளாஸ்டிக் என்றால் அசிட்டோன் பட்ட இடத்தில் நுண்விரிசல் ஓடும்.

மூச்சுவிடும் மரத்துக்குப் பூச்சு நேரத்தில் மருந்தில்லை. ஏசி அறையில் பெயிண்ட் அடித்து, வெயிலடிக்கும் திண்ணையில் வைத்துப் பூசினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: லூரை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, அது ஆறிக்கொண்டிருக்கும்போது பூசுங்கள். சுருங்கும் காற்று ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். நிரந்தரத் தீர்வு, பெயிண்டுக்கு முன்பே மரத்துக்கு மெல்லிய எபாக்ஸி இரண்டு கை. பால்சா போன்ற பஞ்சு மரத்துக்கு இது இல்லாமல் முடியாது.

மேலே வந்த குமிழியை உடைக்க பியூட்டேன் டார்ச்சை 15 செ.மீ. தள்ளி, ஒரு நொடியில் கடந்து போகும்படி காட்டினால் போதும். சிகரெட் லைட்டர் கரி படியவைக்கும். ஹேர் டிரையர் ஊரிலுள்ள தூசியையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கும். வாயால் ஊதி உடைப்பவர்களும் உண்டு. மூச்சில் இருப்பது ஈரமும் கரியமில வாயுவும். பின்னால் வரும் மெழுகுப் படலத்துக்குத் தேவையான சரக்கு இரண்டும் அதில் இருக்கிறது.

ஒழுகல், வாலில் தொங்கும் சொட்டு

காரணம் நேரானது: ரெசின் அதிகம், சுழற்சி இல்லை. 10 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. தடிப்புள்ள லூரின் பரப்பு சுமார் 70 முதல் 80 சதுர செ.மீ. அதில் 0.2 மி.மீ. கனத்துக்குப் பூச ஒன்றரை மி.லி. போதும். பலர் மூன்று மி.லி. ஏற்றிவிட்டு ஒழுகுகிறது என்கிறார்கள். ஒரே கையில் கனமாகப் போடுவதைவிட மெலிதாக இரண்டு கை எப்போதும் மேல்.

சுழற்றுவதற்கு ஏர் கூலரின் ஸ்விங் மோட்டார், அல்லது மைக்ரோவேவ் தட்டு மோட்டார் வாங்கிக்கொள்ளுங்கள். 220 வோல்ட்டில் நிமிடத்துக்கு 5, 6 சுற்று ஓடும் சின்ன மோட்டார். விலை குறைவு, இரவெல்லாம் ஓடினாலும் சூடாகாது. சுவிட்ச் போடும்போது எந்தப் பக்கம் சுற்றும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, இந்த வேலைக்கு அது பொருட்டே இல்லை. லூர் படுத்த நிலையில், நீள அச்சில் சுற்ற வேண்டும். 30 நிமிட எபாக்ஸிக்கு இரண்டு மணி நேரம் சுற்றினால் போதும். மெதுவாக இறுகும் கோட்டிங் ரெசினுக்கு 6 முதல் 8 மணி நேரம். கரண்ட் போய்விட்டால் முதல் அரை மணி நேரம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கையால் புரட்டுங்கள், பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை.

இறுகிவிட்ட சொட்டை அரத்தால் குறைத்து, 240, பிறகு 400 தாள் போட்டு, மறு கை பூசுங்கள். செவுள் விளிம்பு, முதுகின் மேடு ஆகிய இடங்களில் பூச்சு மெலிதாக இருக்கும். அங்கே தாள் பட்டால் பெயிண்ட் போய்விடும்.

மறுநாள்: பிசுபிசுக்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். விரலை வைத்துப் பார்த்தாலே காரணம் நான்கில் எது என்று பிரித்துவிடலாம்.

*முழு லூரும் ஒரே மாதிரி ஒட்டுகிறது.* விகிதம் தவறு. எபாக்ஸியில் ரெசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்து இறுகுபவை. எது மிச்சமானாலும் ஜோடியில்லாமல் பிசினாகவே நிற்கும். "கொஞ்சம் ஹார்டனர் சேர்த்தால் சீக்கிரம் காயும்" என்ற எண்ணம் ஃபைபர் படகுப் பட்டறையிலிருந்து வந்தது. அங்கே போடுவது பாலியெஸ்டர் ரெசின், அதில் சேர்ப்பது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கேட்டலிஸ்ட். அதைக் கூட்டினால் வேகம் கூடும். எபாக்ஸியில் ஹார்டனரைக் கூட்டினால் கெடும்.

எடையா, கன அளவா என்ற குழப்பமும் இங்கே உண்டு. ஆரால்டைட் ஏ.டபிள்யூ. 106 ரெசினுக்கும் எச்.வி. 953 ஹார்டனருக்கும் கன அளவில் விகிதம் 1:1, எடையில் 100:80. தராசில் வைத்து இரண்டையும் சமமாக ஊற்றினால் ஹார்டனர் கால் பங்கு கூடிவிடும். (அது ஒட்டுவதற்கான பசை, மேல் பூச்சுக்கு உகந்ததல்ல. கணக்குக்காகச் சொன்னது.) உங்கள் ரெசினின் லேபிளில் எடை விகிதம் போட்டிருந்தால் மட்டும் 0.01 கிராம் துல்லியமுள்ள தராசைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சு இரண்டு, ரெசினுக்கு ஒன்று, ஹார்டனருக்கு ஒன்று, மாற்றிவிடாமல். ஒரே ஒரு லூருக்காக முக்கால் மி.லி. முக்கால் மி.லி. கலப்பது வம்பு. 0.1 மி.லி. தவறினாலே விகிதம் 13 சதவீதம் போய்விடும். குறைந்தது 2 + 2 மி.லி. கலந்து, மூன்று லூர்களை ஒன்றாகப் பூசுங்கள். மிச்சம் வீணானாலும் நஷ்டமில்லை.

*அங்கங்கே திட்டாக ஒட்டுகிறது, மற்ற இடம் கல்.* விகிதம் சரி, கலந்தது போதவில்லை. கிண்ணத்தின் சுவரிலும் மூலையிலும் ஒட்டியிருந்த தனி ரெசின் கடைசியில் பிரஷில் ஏறியிருக்கிறது. ஐஸ் குச்சியின் நுனியை நேராக வெட்டி, சுவரையும் அடியையும் வழித்துக்கொண்டே முழுதாக இரண்டு நிமிடம் கலக்குங்கள். பிறகு வேறொரு சுத்தமான கிண்ணத்துக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம். மாற்றும்போது பழைய கிண்ணத்தை வழிக்கக் கூடாது. வழித்தால் விட்டுவந்த குப்பை கூடவே வரும்.

*ஒட்டவில்லை, ஆனால் நகம் அழுத்தினால் ரப்பர் போலப் பதிகிறது.* பொறுங்கள். தூண்டில் கழியின் நூல் கட்டுக்குப் பூசும் எபாக்ஸி வகைகள் இயல்பிலேயே வளைந்து கொடுப்பவை. மற்றவையும் முழு உறுதி அடைய ஏழு நாள் வரை எடுக்கும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இன்னும் தாமதமாகும். ஒரு வாரம் கழித்தும் நகம் பதிந்தால்தான் விகிதத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

*கெட்டியாகத்தான் இருக்கிறது, மேல்பரப்பு மட்டும் ஒட்டுகிறது. வேலை செய்யும்போது மூக்கைத் துளைக்கும் வாடை வந்தது.* நீங்கள் வாங்கியது எபாக்ஸியே இல்லை. கடையில் "ரெசின்" என்று கேட்டால் பாலியெஸ்டர் கொடுத்துவிடுவார்கள். அதன் ஸ்டைரீன் வாடையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். காற்றிலுள்ள ஆக்சிஜன் படும் மேல்பரப்பில் அது சரியாக இறுகாது.

திட்டாக ஒட்டும் லூரில் அந்த இடங்களைக் கத்தியால் வழித்து, ஐசோபுரொப்பைல் நனைத்த துணியால் ஒருமுறை மட்டும் துடைத்துவிட்டு, புதிதாகச் சரியாகக் கலந்ததைப் பூசலாம். முழுக்கப் பிசுபிசுக்கும் லூர் மேல் இன்னொரு கை பூசி மறைப்பது பலர் சொல்லும் வைத்தியம். கைக்கு நன்றாகத்தான் இருக்கும். அடியில் பிசின், மேலே ஓடு. முதல் கல்லில் மோதும்போது ஓடு நொறுங்கும். வழித்தெடுத்துவிடுவதே நல்லது.

அரைகுறையாக இறுகிய எபாக்ஸியை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். தாள் அடைத்துக்கொள்வது ஒரு பக்கம். அந்தத் தூள் தோலிலும் மூச்சிலும் பட்டால் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் அதன் பிறகு எபாக்ஸி பக்கமே போக முடியாது. கையில் ஒட்டிய ரெசினைத் துணியால் துடைத்து சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தின்னர் போட்டால் அது தோலுக்குள் இன்னும் ஆழமாகப் போகும்.

மறுநாள்: பளபளப்பு இல்லை, மெழுகு தேய்த்தது போல வழவழப்பு

ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையிலும் நாகையிலும் இது சகஜம். ஹார்டனரிலுள்ள அமீன் என்ற வேதிப்பொருள், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே ஒரு படலம் கட்டுகிறது. அடியில் பூச்சு நன்றாக இறுகியே இருக்கும்.

இந்தப் படலம் தண்ணீரில் கரையும். வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு பாத்திர சோப்பு, பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். அவ்வளவுதான். தின்னரில் துடைத்தாலோ நேராக உப்புத்தாள் போட்டாலோ படலம் போகாது, பரவும். அதன் மேலேயே இரண்டாம் கை பூசியவர்களுக்கு ஒரு மாதத்தில் மேல் ஓடு தனியாகக் கழன்று வரும். படலம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம் என்பதால், முதல் கை இறுகிவிட்டால் இரண்டாம் கைக்கு முன் கழுவுவதை வழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வராமல் தடுக்க, மழை நாளில் மாலையில் பூசாதீர்கள். இரவில் குளிரும்போது ஈரம் லூர் மேல் இறங்கும். காலை பத்து மணிக்குப் பூசுங்கள், அல்லது ஏசி அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். மரப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு எரியவிட்டு அதற்குள் சுழலவிடலாம். தெர்மோகோல் பெட்டியில் பல்பு வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். ஹார்டனர் புட்டியை ஊற்றிய கையோடு மூடுங்கள். திறந்து கிடந்த ஹார்டனர் ஈரத்தைக் குடித்து, புட்டிக்குள்ளேயே கெட்டுவிடும். ரெசின் புட்டியில் சர்க்கரை போல வெள்ளையாகக் குருணை தெரிந்தால் பதற வேண்டாம். 50 டிகிரி வெந்நீரில் வைத்துத் தெளிந்ததும் பயன்படுத்தலாம்.

நிறம் கசிந்துவிட்டது, அல்லது உள்ளே வெள்ளை மேகம்

மார்க்கர் பேனாவால் போட்ட புள்ளியும் கோடும் எபாக்ஸி பட்டதும் கரைந்து ஓடும். பூசிய பிறகு இதைத் திருத்த முடியாது. அக்ரிலிக் கிளியர் ஸ்பிரேயைத் தள்ளி நின்று, பனி படிவது போல இரண்டு முறை அடித்து மூடிவிட்டு எபாக்ஸிக்குப் போங்கள். நனையும்படி அடித்தால் ஸ்பிரேயே மையைக் கரைத்துவிடும். முதலில் ஒரு மரத்துண்டில் அதே மார்க்கரைச் சோதித்துப் பாருங்கள்.

உள்ளே மேகம் கட்டினால் பெயிண்ட் காயவில்லை. அக்ரிலிக் பத்து நிமிடத்தில் தொட்டால் காய்ந்ததாகத்தான் தெரியும். ஒவ்வொரு நிறத்துக்கும் பிறகு ஹேர் டிரையர் காட்டுங்கள். எல்லாம் முடிந்து ஓர் இரவு, மழைக்காலம் என்றால் ஒரு முழு நாள் வையுங்கள்.

தண்ணீரில் இறங்கிய பிறகு: விரிசல்

விரிசல் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். கொக்கி மாட்டும் வளையத் திருகாணியைச் சுற்றியோ லிப் தகடு செருகிய வெட்டிலோ தொடங்கினால், அங்கேதான் தண்ணீர் புகுந்திருக்கிறது. வயிற்றோரம், வால் முனை போன்ற கூர்மையான விளிம்பில் என்றால், ரெசின் கூர் விளிம்பிலிருந்து பின்வாங்கி அங்கே மெலிந்துவிட்டது. செதுக்கும்போதே விளிம்பை ஒன்றிரண்டு மி.மீ. உருட்டியிருக்க வேண்டும். மர இழை போகும் திசையில் நீளமாக ஓடினால் மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது, அல்லது சரியாக உலராத மரம். நட்சத்திரம் போல இருந்தால் கல்லடி, அதற்கு உங்கள் மேல் குற்றமில்லை.

தண்ணீர் புகுந்ததா என்று தெரிந்துகொள்ளத் தராசே போதும். முடித்தவுடன் கொக்கியில்லாமல் எடை எடுத்துக் குறித்து வையுங்கள். மீன்பிடித்து வந்தபின் துடைத்துக் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். 18.20 கிராம் இருந்த லூர் 18.50 காட்டினால், விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே தண்ணீர் இருக்கிறது.

திருகாணிகளைக் கழற்றி, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். எடை பழையபடி இறங்கி, இரண்டு நாள் மாறாமல் நிற்க வேண்டும். வெயிலில் போட்டால் பூச்சு இன்னும் வெடிக்கும். பிறகு துளைக்குள் இளகலான சூப்பர் குளூ விட்டு ஊறவைத்து, இறுகியதும் துளையைத் துரப்பணத்தால் சுத்தம் செய்து, திருகாணி மரையில் எபாக்ஸி தடவித் திருகுங்கள். கழுத்தில் ஒரு வளையம் எபாக்ஸி நிற்க வேண்டும். விரிசலைக் கத்தி முனையால் வி வடிவில் திறந்து நிரப்பி, மேலே ஒரு கை.

ஓடு ஓடாக உரிகிறது

உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் எதுவும் ஒட்டாமல் கண்ணாடி போலிருந்தால் எபாக்ஸி பெயிண்டைப் பிடிக்கவில்லை. பெயிண்ட் மேல் அழுக்கு, அல்லது சொரசொரப்பில்லாத பளபளப்பு. அலுமினிய ஃபாயில் ஒட்டிய லூர்களில் இது அடிக்கடி வரும். ஃபாயிலைப் பச்சை நாரால் லேசாகக் கீறிவிட்டுப் பூசுங்கள். பெயிண்ட் முழுக்கத் துண்டோடு வந்து மரம் தெரிந்தால், பிரைமர் மரத்தைப் பிடிக்கவில்லை. தேக்கில் செதுக்கினால் அதன் எண்ணெய்தான் காரணம். அசிட்டோனில் துடைத்து அரை மணி நேரத்துக்குள் முதல் எபாக்ஸிக் கையைப் பூசிவிட வேண்டும், விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வரும். துண்டில் பாதி பெயிண்ட், லூரில் பாதி பெயிண்ட் என்றால் பெயிண்டே பலவீனம். அதிகம் தண்ணீர் கலந்தது, அல்லது மினுமினுப்புக்கான முத்துப்பொடியை அளவுக்கு மீறிப் போட்டது.

ஒரு கை இறுகி, அடுத்த கை பிடிக்காமல் போவதற்கு நேரமும் காரணம். நகம் அழுத்தினால் தடம் விழுகிறது, ஆனால் விரலில் ஒட்டவில்லை என்ற பதத்தில் இரண்டாம் கை பூசினால் இரண்டும் ஒன்றாகும். அந்தப் பதம் தாண்டிவிட்டால் கழுவி, 400 தாளால் மேற்பரப்பு முழுக்க மங்கும்வரை தேய்த்தாக வேண்டும்.

மஞ்சள்

வெயிலின் புற ஊதாக் கதிரில் எபாக்ஸி மஞ்சளாவது அதன் குணம். வெள்ளை வயிறு முதலில் காட்டிக்கொடுக்கும். ஐந்து நிமிட எபாக்ஸி இதில் மிக மோசம், தண்ணீரையும் சரியாகத் தாங்காது. புற ஊதாத் தடுப்பு சேர்த்த ரெசின் தள்ளிப்போடும், நிறுத்தாது. கடலில் நாள் முழுக்க வெயிலில் கிடக்கும் லூர் என்றால், இறுகிய எபாக்ஸியைத் தேய்த்து மங்கவைத்து, மேலே கார்களுக்கு அடிக்கும் இரண்டு பாக பாலியூரித்தேன் கிளியர் அடிக்கலாம். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. துணி மாஸ்க் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் அடிக்கிற வேலை இல்லை அது. உரிய சுவாசக் கவசமும் காற்றோட்டமும் இல்லையென்றால், மஞ்சளோடு விடுங்கள். கொடுவா நிறத்துக்குக் குறை சொல்வதில்லை.

முழுக்க வழித்தெடுக்க முடிவு செய்துவிட்டால், கொக்கி, வளையம் எல்லாம் கழற்றி, ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் 10 செ.மீ. தள்ளி ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். பூச்சு ரப்பர் பதத்துக்கு வந்ததும் மழுங்கிய கத்தியால் தலையிலிருந்து வால் பக்கமாகத் தள்ளினால் பட்டையாகக் கழன்று வரும். புகை வந்தால் சூடு அதிகம், நிறுத்துங்கள். உள்ளே ஈயக் குண்டு வைத்த லூர் என்றால் அந்த இடத்தில் சூடு காட்டாமல் கத்தியாலேயே எடுங்கள். பாலிகார்பனேட் லிப் சூட்டில் வளையும், அதை ஈரத்துணியால் சுற்றிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.